இலைச்சாறும் உலைச்சூடும்: உலோக ஆக்சைடு நானோ துகள்களின் பசுமைத் தயாரிப்பு

சித்த மருந்துச் சாலையில் நாக பற்பம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை நினைவிருக்கும். சுத்தி செய்த நாகத்தை, அதாவது துத்தநாகத்தை, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைப்பார்கள். வில்லை தட்டிக் காயவைப்பார்கள். அகலில் வைத்து, மேலே இன்னோர் அகல் மூடி, சீலைமண் செய்து, வரட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். ஆறியதும் எடுத்து மறுபடி சாறு, மறுபடி அரைப்பு, மறுபடி புடம். கடைசியில் அகலில் மிஞ்சுவது, விரல் ரேகைக்குள் புகுந்துகொள்ளும் மென்மையான வெளுத்த பொடி. வேதியியல் கணக்கில் அதன் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

இன்று ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குள் போனாலும் இதையொத்த காட்சிதான். வேப்பிலையையோ கற்றாழையையோ கழுவி நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் வேகவைத்து வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றைத் துத்தநாக நைட்ரேட் கரைசலோடு கலந்து, காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, பசைபோல் இறுகியதை 400 டிகிரி உலையில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு பொடி கிடைக்கிறது. ‘பசுமை முறையில் தயாரித்த துத்தநாக ஆக்சைடு நானோ துகள்’ என்று ஆய்வேட்டில் எழுதப்படுகிறது.

முன்னோர் நானோ அறிவியல் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட இந்த ஒப்புமையைச் சொல்லவில்லை. துகளின் அளவை அளக்க அவர்களிடம் வழி இருக்கவில்லை. பற்பம், செந்தூரங்களின் பாதுகாப்பு தனியாக ஆராய வேண்டிய பொருள். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சாறு செய்த வேலை எவ்வளவு, சூடு செய்த வேலை எவ்வளவு? இதற்கு விடை தெரியாமல் ஒரு பொடியின் மேல் ‘பசுமை’ என்ற பெயரை ஒட்டுவது அவசரம். கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பெருகிய இந்த ஆய்வுத் துறையை அந்தக் கேள்வியின் வழியாகப் பார்க்கலாம்.

சிறுத்தால் ஏன் குணம் மாறுகிறது

மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளவற்றை நானோ துகள் என்பது வழக்கம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். இரண்டரைக் கிரவுண்டு மனைக்கும் அதிகம். பொருளின் எடை கூடவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த அணுக்கள் வெளியே வந்து முகம் காட்டுகின்றன, அவ்வளவே. நஞ்சை ஈர்த்துப் பிடிப்பது, வாயுவை உணர்வது, சாயத்தைச் சிதைப்பது எல்லாம் மேற்பரப்பில் நடக்கும் வேலைகள் என்பதால், மேற்பரப்பு பெருகப் பெருக வேலையும் பெருகுகிறது.

மேற்பரப்பைத் தாண்டிய மாற்றங்களும் உண்டு. வெள்ளைச் சாயப்பூச்சில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் 200, 300 நானோமீட்டர் அளவில் ஒளியை நன்றாகச் சிதறடிப்பதால்தான் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. 50 நானோமீட்டருக்குக் கீழே போனால் அதே பொருள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒளிபுகுவதாகி, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கிறது. முகத்தில் வெள்ளைப் பூச்சாகத் தெரியாத வெயில்காப்புக் களிம்பு இப்படித்தான் சாத்தியமாயிற்று. மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடு ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே வந்தால், காந்தத்தை அருகே கொண்டுவரும்போது மட்டும் காந்தமாகிறது. விலக்கினால் காந்தத்தன்மை போய்விடுகிறது. நீரில் கலந்து, வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுத்தெடுக்க இதைவிடத் தோதான குணம் வேறில்லை.

பழைய வழிகளும் அவற்றின் பாரமும்

உலோக ஆக்சைடைச் சிறிதாக்க இரண்டு போக்குகள் உண்டு. பெரியதை உடைத்துச் சிறிதாக்குவது ஒன்று. அணு அணுவாகச் சேர்த்துக் கட்டி, வேண்டிய அளவில் நிறுத்துவது இன்னொன்று. இரண்டாவதில்தான் அளவைக் கட்டுப்படுத்த முடியும் என்பதால் ஆய்வகங்கள் அதையே நாடுகின்றன. கரைசலை ஜெல்லாக இறுகவைத்துச் சுடும் சால்-ஜெல் முறை, அழுத்தக் கலத்தில் நீரோடு சூடாக்கும் முறை, கரிம உலோகச் சேர்மத்தை ஆக்டாடெசீன் போன்ற கரைப்பானில் 300 டிகிரிக்குச் சூடாக்கிச் சிதைக்கும் முறை என்று பல உண்டு. கடைசியாகச் சொன்னது எல்லாத் துகளும் ஒரே அளவில் அச்சில் வார்த்ததுபோல் வரும் முறை. விலையுயர்ந்த கரைப்பான், மந்த வாயு, கழுவி நீக்க வேண்டிய பரப்பு இயங்கு பொருள்கள், மிஞ்சும் கழிவு எல்லாம் அந்த நேர்த்திக்குக் கொடுக்கும் விலை.

தொழிற்சாலை அளவில் பாரம் இன்னும் கண்கூடு. கேரளக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். கந்தக அமில வழியில் அதைச் செய்தால், வேண்டிய வெள்ளைப் பொடியோடு இரும்பு சல்பேட்டும் நீர்த்த அமிலமும் பெருமளவில் கழிவாக வருகின்றன. கடலோர ஊர்களின் பல்லாண்டுப் புகார்களுக்கு வேர் இந்த வேதிச் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

1998-இல் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு வகுத்த 12 நெறிகள் இந்த இடத்தில்தான் கைகொடுத்தன. கழிவு உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகாமலே தடுப்பது, உள்ளே போடும் அணுக்களில் பெரும்பங்கு விளைபொருளிலேயே சேரும்படி வினையை அமைப்பது, தீங்கற்ற கரைப்பான், குறைந்த ஆற்றல், புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் என்பவை அவற்றுள் சில. நானோ ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலில் ‘புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள்’ என்பதை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். அது இலையாயிற்று.

பட்டியல் முழுவதையும் வைத்துப் பார்த்தால் சில பழைய முறைகள் நாம் நினைத்ததைவிடப் பசுமையானவை. 19ஆம் நூற்றாண்டு முதல் நடப்பில் உள்ள பிரெஞ்சு முறையில் துத்தநாகத்தை 907 டிகிரிக்கு மேல் கொதிக்கவைத்து, அதன் ஆவியைக் காற்றில் எரிக்கிறார்கள். உள்ளே போவது உலோகமும் ஆக்சிஜனும். வெளியே வருவது ஆக்சைடு மட்டும். கரைப்பான் இல்லை, கழுவும் நீர் இல்லை, கழிவு உப்பு இல்லை. பாரமெல்லாம் சூட்டில்தான். 1981-இல் ரெனே மசார் வெளியிட்ட இணைவீழ்படிவு முறையும் நினைத்ததைவிடப் பசுமையானதே: இரண்டு வகை இரும்பு அயனிகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்துக் காரம் சேர்த்தால், பெரிய சூடு இல்லாமலே மேக்னடைட் துகள் கறுப்பாகப் படிந்துவிடும். புதிய முறைகளை இவற்றின் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பசுமைப் பாதைகள்

முதல் பாதை தாவரம். 2002, 2003-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் குதிரைமசால் செடிக்குள் தங்க, வெள்ளித் துகள்கள் உருவாவதைக் காட்டினார்கள். அதே காலத்தில் புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு ஜெரேனியம் இலைச்சாற்றையும், பிறகு வேப்பிலைச் சாற்றையும் கொண்டு தங்கம், வெள்ளித் துகள்களைக் குடுவையிலேயே செய்தது. உலோகத்தில் கிடைத்த வெற்றி ஆக்சைடுகளுக்கும் பரவியது. துத்தநாகம், இரும்பு, செம்பு, டைட்டானியம், சீரியம் என ஒவ்வொன்றுக்கும் எண்ணற்ற இலை, பூ, வேர், பழத்தோல் சாறுகள் முயன்று பார்க்கப்பட்டன. கற்றாழை, துளசி, முருங்கை, ஆவாரம்பூ என்று நம் வீட்டு வாசலில் கிடைப்பவை எல்லாம் ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளில் ஏறிவிட்டன. தமிழகக் கல்லூரிகளிலிருந்து இத்துறையில் இவ்வளவு கட்டுரைகள் வருவதற்குக் காரணம் வெளிப்படை: செடிக்குப் பஞ்சமில்லை, கருவிக்குத்தான் பஞ்சம்.

இரண்டாம் பாதை நுண்ணுயிர். இதில் ஆசான் இயற்கையே. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் விவரித்த காந்த பாக்டீரியாக்கள், தம் உடலுக்குள் ஒரே சீரான மேக்னடைட் படிகங்களை மணிமாலைபோல் கோத்து, அதையே திசைகாட்டியாக வைத்து நீந்துகின்றன. 1987-இல் டெரெக் லவ்லியின் குழு, ஆக்சிஜன் இல்லாச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியா துருவைத் தின்று உடலுக்கு வெளியே மேக்னடைட்டைக் குவிப்பதைக் கண்டது. புணே குழு ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையைக் கொண்டு சிர்கோனியா, டைட்டானியா, மேக்னடைட் துகள்களைத் தயாரித்தது. வாழை விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சை வேறு பெயரில் பழக்கம்: தோட்டத்தையே அழிக்கும் வாடல் நோய் இதன் ஒரு வகையால் வருவதுதான். அறை வெப்பநிலையில் நடக்கும் இந்த வேலை வியக்கவைக்கிறது. ஆனால் நாள்கணக்கில் வளர்க்க வேண்டும். வேறு கிருமி கலக்காமல் காக்க வேண்டும். பயிர்க்கொல்லியை ஆலை அளவில் வளர்ப்பதன் ஆபத்தையும் எண்ண வேண்டும்.

மூன்றாம் பாதை எரிப்பு. 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் காசிநாத் பாட்டீலும் அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கரைத்து 500 டிகிரி உலைக்குள் வைத்தார்கள். கலவை பொங்கித் தீப்பிடித்தது; சில நிமிடங்களில் நுரைத்த வெள்ளை அலுமினா நின்றது. வினையே தனக்கு வேண்டிய சூட்டை உண்டாக்கிக்கொள்வதால் உலை நீண்ட நேரம் எரிய வேண்டியதில்லை. இன்று யூரியாவின் இடத்தில் இலைச்சாற்றை எரிபொருளாக வைப்பவர்களும் உண்டு.

நான்காவது பாதையில் நீரும் விசையும் மட்டும். நுண்ணலை அடுப்பில் சூடாக்குவது, கரைப்பானே இல்லாமல் பந்து அரவையில் அரைப்பது போன்றவை இதில் சேரும். இவற்றின் பெயரில் இலை இல்லாததால் பசுமைப் பட்டியலில் அடிக்கடி விடுபட்டுப்போகின்றன.

இலை உண்மையில் என்ன செய்கிறது

தங்க உப்புக் கரைசலில் இலைச்சாறு விழுந்ததும் நிறம் ஒயின் சிவப்பாக மாறுகிறது. சாற்றிலுள்ள பாலிஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் சர்க்கரைகளும் தங்க அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக ஒடுக்குகின்றன; புரதங்கள் துகளைச் சுற்றிப் போர்த்தி ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. இங்கே இலையின் வேலை ஐயத்துக்கு இடமில்லாதது.

இந்த விளக்கத்தை அப்படியே எடுத்து ஆக்சைடுகளுக்கும் பொருத்தியதில்தான் பிசகு நேர்ந்தது. துத்தநாக நைட்ரேட்டில் துத்தநாகம் இரட்டை நேர்மின் அயனியாக இருக்கிறது. துத்தநாக ஆக்சைடிலும் அதே நிலைதான். வழியில் எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் எதுவும் தேவையில்லை. கொடுக்கவும் முடியாது: தங்க அயனியின் நியம ஒடுக்க மின்னழுத்தம் ஏறத்தாழ பிளஸ் 1.5 வோல்ட், துத்தநாகத்துக்கோ மைனஸ் 0.76. இலையிலுள்ள பாலிஃபீனால் அந்தப் பள்ளத்தில் எலக்ட்ரானைத் தள்ளும் வலுவுள்ளது அன்று. இருந்தும், ‘சாறு துத்தநாகத்தை உலோகமாக ஒடுக்கியது, பின் அது ஆக்சிஜனேற்றம் அடைந்தது’ என்ற வாக்கியம் கட்டுரைக்குக் கட்டுரை நகலெடுக்கப்படுகிறது.

அப்படியானால் சாறு என்ன செய்கிறது? பாலிஃபீனாலின் ஆக்சிஜன் முனைகள் துத்தநாக அயனியை நண்டுக் கொடுக்குபோல் இரு பக்கமும் பற்றிக்கொள்கின்றன. அயனிகள் ஓரிடத்தில் குவிந்து பெரும் படிகமாவதை அந்தப் பிடி தடுக்கிறது. உலையில் வைத்ததும் கரிமப் பகுதி எரிந்து, கூடுதல் சூட்டையும் வாயுவையும் தந்து, பொடியைப் பொலபொலவென்று ஆக்குகிறது. சாறு இங்கே கட்டுப்படுத்தியாகவும் எரிபொருளாகவும் இருக்கிறது. பயனுள்ள வேலைதான், ஆனால் அதன் பெயர் ஒடுக்கம் இல்லை. இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகும். 400, 500 டிகிரியில் காற்றில் சுட்ட பிறகு இலையின் மூலக்கூறுகள் பெரும்பாலும் எரிந்துபோயிருக்கும். ‘துளசியில் செய்ததால் துளசியின் மருத்துவக் குணம் துகளில் தங்கியிருக்கிறது’ என்ற கூற்று உலைச்சூட்டைத் தாண்டி நிற்பது கடினம்.

இரும்பில் வேறு வகைக் குழப்பம். தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்தால் நொடியில் கறுக்கிறது. ‘நானோ துகள் உருவானதற்கு அடையாளம் நிறமாற்றம்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். கலம்காரிக் கலைஞரைக் கேட்டால் சிரிப்பார். கடுக்காய்ப் பால் ஏற்றிய துணியில் துரு ஊறிய வெல்லக் கரைசலைத் தொட்டால் கறுப்புக் கோடு விழுவது அவருக்கு அன்றாட வேலை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த பழைய எழுதுமையும் அதே வினைதான்: டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்புச் சேர்மம். நிறம் மாறியதை வைத்துத் துகள் பிறந்தது என்று சொல்ல முடியாது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் படிக அமைப்பும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளவும் தெரிந்த பிறகே பெயர் வைக்கலாம்.

இனி உப்பின் கணக்கு. 1 கிலோ துத்தநாக ஆக்சைடுக்கு, இழப்பே இல்லாவிட்டாலும், படிக நீரோடு கூடிய துத்தநாக நைட்ரேட் 3.65 கிலோ வேண்டும். அதிலுள்ள நைட்ரேட் முழுவதும் உலையில் நைட்ரஜன் டை ஆக்சைடாகச் சிதைந்தால் 1.1 கிலோவுக்கு மேல் பழுப்பு நச்சு வாயு வெளியேறும். சாற்றின் கரிமம் அதில் ஒரு பகுதியைத் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றக்கூடும். எவ்வளவு என்பதை அளந்தால்தான் தெரியும். இலை கால் பங்கு, நைட்ரேட் முக்கால் பங்கு என்றிருக்கும் முறைக்கு இலையின் பெயரை மட்டும் வைப்பது, சாம்பாருக்குக் கறிவேப்பிலையின் பெயரை வைப்பதுபோல.

எங்கே பயன்படுகின்றன

நீர்தான் இந்தத் துகள்களின் மிகப் பெரிய களம். கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்தின் குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஆர்சனிக் இயற்கையாகவே கரைந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு ஆர்சனிக்கை வேதிப் பிணைப்பால் பற்றிக்கொள்ளும். 2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்கள் ஆர்சனிக்கைப் பற்றியபின் சாதாரணக் கைக்காந்தத்தின் வலிமைக்கே இழுபட்டுப் பிரிவதைக் காட்டினார்கள். பின்னர் அதே குழுவினர் துருவையும் சமையல் எண்ணெயையும் கொண்டு அந்தத் துகளை அடுப்படியிலேயே செய்யும் வழியையும் வெளியிட்டார்கள்.

சென்னை ஐஐடியில் பிரதீப்பின் குழு வேறு பாதையில் போனது. ஃபெரிஹைட்ரைட் எனும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு, ஆக்சைடின் நெருங்கிய உறவு. ஆர்சனிக்கைப் பற்றுவதில் அது கெட்டி. ஆனால் நாளாக நாளாகப் பெரிய படிகமாக மாறி வலுவிழந்துவிடும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இழைகளுக்குள் அதைச் சிறைவைத்து, மாறாமல் நிறுத்தினார்கள். நீரிலேயே, அறை வெப்பநிலையை ஒட்டி, உலை இல்லாமல் தயாராகும் பொருள் இது. 2017-இல் வெளியான இந்த ஆய்வின் அடிப்படையில் அமைந்த ‘அம்ரித்’ வடிகட்டிகள் மேற்கு வங்கம் உள்ளிட்ட இடங்களில் குடிநீர் தருகின்றன. இதன் பெயரில் எந்த மூலிகையும் இல்லை. ஆயினும் 12 நெறிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நான் அறிந்த அளவில் இதற்கு இணையான பசுமைத் தயாரிப்புகள் குறைவு. கடல் உணவு ஆலையின் கழிவு, நீர், மலிவான இரும்பு, குறைந்த சூடு, முடிவில் ஒரு குடம் நல்ல தண்ணீர். ஆர்சனிக் ஏறிய பழைய வடிபொருளை எங்கே புதைப்பது என்ற கேள்வி இதற்கும் உண்டு. அதையும் திட்டத்தில் சேர்த்தே எண்ண வேண்டும்.

சாயக் கழிவுநீர் அடுத்த களம். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் நீர் பிளவுறுவதை வெளியிட்டது முதல் ஒளிவினையூக்கம் ஒரு பெருந்துறை. ஒளி பட்டதும் துகளில் எலக்ட்ரானும் துளையும் பிரிந்து, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்க, அது சாய மூலக்கூறைக் கிழிக்கிறது. ஆய்வகத்தில் மெத்திலீன் நீலம் ஒரு மணி நேரத்தில் நிறமிழப்பது கண்கவர் காட்சி. ஆனால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றில் விட்ட நீர் நீர்த்த மெத்திலீன் நீலமாக இருக்கவில்லை. அதில் உப்பு மிகுதி. குளோரைடு அயனி ஹைட்ராக்சில் தனியுறுப்பை விழுங்கிவிடும். அடர் நிறம் ஒளியை உள்ளே விடாது. டைட்டானியாவுக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வெயிலில் 5 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. மெத்திலீன் நீலம் கண்ணுறு ஒளியைத் தானே உறிஞ்சித் தானே சிதைவதால், அந்த ஒளியில் வேலை செய்யும் வினையூக்கியைச் சோதிக்க அது ஏற்றதன்று என்று 2006-இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், திருப்பூர் நம்பியது எதிர்ச்சவ்வூடு பரவலையும் ஆவியாக்கிகளையும்தான். நானோ துகளுக்கு அங்கே வருங்கால இடம் இருக்கலாம். அதற்கு உண்மையான கழிவுநீரில் சோதனை நடக்க வேண்டும்.

வயலில் துத்தநாகப் பற்றாக்குறை நம் நெல் விவசாயிகள் அறிந்தது. எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. காரமண்ணில் அதன் பெரும்பகுதி வேருக்கு எட்டாமல் மண்ணோடு பிணைந்துவிடும். துகளாக்கி இலைமேல் தெளித்தாலோ விதையில் பூசினாலோ குறைந்த அளவே போதும் என்பது எதிர்பார்ப்பு. 2012-இல் ஆந்திரத்தில் நிலக்கடலையில் நடந்த ஆய்வில் 1000 பிபிஎம் அளவில் முளைப்பும் வளர்ச்சியும் மேம்பட்டன. 2000 பிபிஎம்மில் பின்னடைவு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் இங்கே இரட்டிப்பு மட்டுமே. பரிந்துரை வகுப்பவர்கள் அந்தக் குறுகிய வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவத்தில் துத்தநாக ஆக்சைடு புதிதில்லை. காலமைன் லோஷனின் அடிப்படை அதுவே, இளஞ்சிவப்பு நிறம் சிறிது இரும்பு ஆக்சைடால். நானோ அளவில் இரும்பு ஆக்சைடு மருந்தாகவே வந்துவிட்டது: நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரும்புக் குறைச் சோகைக்கு நரம்பு வழி ஏற்றும் ஃபெருமாக்சிடால் 2009-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் துகள்மேல் போர்த்தியிருப்பது சர்க்கரை வழிப்பொருள். ஒவ்வொரு குப்பியும் முந்தைய குப்பியைப் போலவே இருந்தாக வேண்டும் என்பது மருந்துச் சட்டம். ஆடியில் பறித்த இலையும் சித்திரையில் பறித்த இலையும் ஒரே பாலிஃபீனால் அளவு தராது. இலைச்சாற்று ஆக்சைடுகள் கிருமி வளர்ப்புத் தட்டில் தெளிவான வட்டம் காட்டியும் மருந்துக்கடை வரை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

உணரிகளில் நிலை எளிது. 1962-இல் ஜப்பானின் தாகுச்சி காப்புரிமை கோரிய வெள்ளீய ஆக்சைடு உணரியின் வழித்தோன்றல்கள்தான் சமையலறையில் எரிவாயுக் கசிவைக் கண்டு கத்துகின்றன. வாயு படும்போது ஆக்சைடின் மின்தடை மாறுவதே தத்துவம். துகள் சிறுத்தால் உணர்வு கூர்மையாகும். உடலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ போகாததால் ஆபத்தும் குறைவு.

துகளின் மறுபக்கம்

பசுமையாகப் பிறந்தது பசுமையாகவே வாழும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் தெரியாது. அதன் அளவு, கரையும் வேகம், மேற்பூச்சு, போய்ச் சேரும் இடம் ஆகியவையே நச்சுத்தன்மையைத் தீர்மானிக்கின்றன. 2007-இல் ஓர் ஆய்வு, நானோ துத்தநாக ஆக்சைடும் சாதாரணத் துத்தநாக ஆக்சைடும் துத்தநாக குளோரைடும் நன்னீர்ப் பாசிக்கு ஏறத்தாழ ஒரே அளவு நஞ்சாக இருப்பதைக் கண்டது. காரணம் துகளன்று, அதிலிருந்து கரைந்த துத்தநாக அயனி. பாக்டீரியாவைக் கொல்லும் அதே அயனிதான் குளத்துப் பாசியையும் கொல்கிறது; ‘கிருமிகளை அழிக்கிறது, சூழலுக்கு உகந்தது’ என்று ஒரே மூச்சில் எழுதும்போது இதை மறந்துவிடுகிறோம்.

மூச்சில் போனால் கதை இன்னும் கடுமை. கால்வனைஸ் தகட்டை வெல்டிங் செய்தவர்களுக்கு அன்று மாலையே குளிர்காய்ச்சல் வருவது பட்டறைகளில் தெரிந்த சங்கதி. காரணம் நுண்ணிய துத்தநாக ஆக்சைடு புகை. உணவில் வெண்மைக்காகச் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடை இனியும் பாதுகாப்பானதாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் கூற, 2022-இல் அங்கே அது தடைசெய்யப்பட்டது. நீண்ட காலம் அப்பாவியாக எண்ணப்பட்ட ஒரு வெள்ளைப் பொடிக்கே இந்த நிலை.

கணக்கு கேட்கும் நேரம்

மேலே கண்டவற்றை ஒன்றாக வைத்தால் எளிய அளவுகோல் கிடைக்கிறது. எந்த உப்பிலிருந்து தொடங்கினோம், அதன் எதிர் அயனி எங்கே போயிற்று? ஒரு கிராம் துகளுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு மின்சாரம்? சாறு எந்தப் பருவத்தது, அடுத்த முறை செய்தால் அதே அளவுத் துகள் வருமா? இலையைப் பறித்தோமா, அல்லது சாறுக்கடையில் குப்பைக்குப் போகும் சாத்துக்குடித் தோலையும் தேநீர்க் கடைச் சக்கையையும் எடுத்தோமா? வேலை முடிந்த துகளை எப்படித் திரும்பப் பெறுவோம்? இந்த ஐந்துக்கும் பதில் உள்ள முறை, அதில் இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பசுமையானது.

தாவர வழியைத் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் பொருளில்லை. கொடுக்குப்பிடியால் படிகத்தைச் சிறிதாக நிறுத்துவதும், நச்சுப் பரப்பு இயங்கு பொருள்களின் இடத்தை எடுத்துக்கொள்வதும், எரிபொருளாக நின்று உலை நேரத்தைக் குறைப்பதும் சாறு உண்மையாகவே செய்யக்கூடியவை. அந்தப் பங்கை அளந்து காட்டினால் அதன் மதிப்பு கூடுமே ஒழியக் குறையாது. இதற்கெனப் புதிதாகப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். வேப்பிலைச் சாறு ஊற்றிய குடுவைக்குப் பக்கத்தில், அதே உப்பு, அதே காரநிலை, அதே சூட்டில், வெறும் நீர் ஊற்றிய இன்னொரு குடுவையையும் வைக்கட்டும். உலையின் பிளக்கில் ஒரு மின்மீட்டரைச் சொருகட்டும். இரண்டு பொடிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இலையின் வேலை. மீட்டர் காட்டுவது சூட்டின் வேலை. புடம் போட்டவரிடம் இல்லாத வசதி அந்த இரண்டாவது குடுவை.